சிவப்புத் தாளில் பெயர் இல்லை

நாற்பத்திரண்டு வருடம் அம்மாவின் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு மகளுக்கு, அம்மா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அவர் பிறப்பால் சீனப் பெண் என்று தெரியவருகிறது. போன மாதம் நான் படித்து முடித்த நாவலின் கதை இது. கடைசிப் பக்கத்தை ரயிலில் முடித்தேன். ஈசூன் எம்ஆர்டியில் இறங்கிப் பேருந்துக்கு வரிசையில் நிற்கும்போது, "இவளுக்கு என்ன, கண்ணு தெரியாதா?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

நாவலின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்துலகம் ஒரு மின்தூக்கிக்குள் அடங்கிவிடும். அடுத்த நூல் வெளியீட்டில் வடைக்கும் தேநீருக்கும் நிற்கும்போது எனக்குப் பின்னால் அவரே நிற்கலாம். அதோடு அவர் உழைக்காமல் எழுதியதாகவும் சொல்ல முடியாது. நூலகத்தில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களைப் புரட்டியிருக்கிறார். பஸ் டிக்கெட் விலைகூட எழுதியிருக்கிறார். அவ்வளவு பாடுபட்டவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்த்திருக்கக் கூடாதா என்பதுதான் என் ஆதங்கம்.

எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் சொந்த உரிமை உண்டு. என் அம்மா சீனப் பிள்ளை. ஏழு நாள் குழந்தையாகத் தமிழ் வீட்டுக்கு வந்தவர். இது எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. எந்தக் கை சோற்றுக்கை என்று எப்போது தெரிந்தது? அது மாதிரிதான். தேக்கா சந்தையில் மீன்காரர் அம்மாவை "அமோய்" (சீனத்தில் பெண்ணே) என்று கூப்பிட்டுச் சீனத்தில் விலை சொல்வார். அம்மா தமிழில் திட்டிக்கொண்டே மலாயில் பேரம் பேசுவார். கோயிலுக்குப் புதிதாக ஊரிலிருந்து வந்த ஐயர் ஒருவர் அர்ச்சனைத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அம்மா முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா சளைக்காமல், "உத்திரம், கன்னி ராசி, குடும்பத்தோட க்ஷேமத்துக்கு" என்றார். ஐயர் அடுத்த வாரத்திலிருந்து பார்ப்பதை நிறுத்திவிட்டார். இப்படித்தான் ஊர் முழுக்க. பார்ப்பார்கள், பழகிப்போகும்.

நாவலாசிரியருக்கும் இந்த இடறல் தெரிந்திருக்கிறது. அதனால் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார். குடும்பத்தில் பர்மாக்காரர் ரத்தம் இருந்ததாகச் சொல்லி மகளை வளர்த்தார்களாம். சரி, வீட்டில் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர்? பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள்? கல்யாண வீட்டில் இலை போடும்போது வம்பு பேசும் அத்தைமார்கள்? நாற்பத்திரண்டு வருடத்தில் ஒரு அத்தைக்குக்கூட வாய் நமைச்சல் எடுக்கவில்லை என்றால் அது தமிழ்க் குடும்பமே இல்லை.

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் கொடுத்தது அந்தக் காலத்தில் அதிசயமே இல்லை. வறுமை ஒரு காரணம். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் ஆண்டுவிட்டுப் போனபின் பல வீடுகளில் ஏற்கெனவே இருந்த வாய்களுக்கே சோறு பத்தவில்லை. பெண் பிள்ளை எப்படியும் வேறு வீட்டுக்குப் போகிறவள்தானே என்ற கணக்கு இன்னொன்று. மூன்றாவது, ஜாதகம். புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது, அவளைக் கட்டுகிறவனுக்கும் ஆகாது என்ற நம்பிக்கை. 1938, 1950, 1962 எல்லாம் புலி ஆண்டுகள். இந்தப் பக்கம் தமிழ் வீடுகளில் பிள்ளையில்லாத தம்பதி ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தால் வயிறு திறக்கும் என்ற நம்பிக்கை. இரண்டு நம்பிக்கையும் ஒரே கம்பத்து (கிராமத்து)ச் சந்தில் எதிரெதிரே குடியிருந்தன.

அம்மா 1950. நான் 1974, நானும் புலி. என்னை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. நான் பிறந்தபோது அரசாங்கம் 'இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தது, நான் இரண்டாவது.

தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். 'நேவல் பேஸ்' என்றுதான் கடைசிவரை சொல்வார். சுற்றுவட்டாரத்தில் தமிழர், மலையாளிகள், சீனர், மலாய்க்காரர் எல்லோரும் கலந்து கிடந்தார்கள். பாட்டிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் குழந்தையில்லை. சோங் பாங் கிராமத்தில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒரு சீனக் குடும்பத்திடமிருந்து, இடையில் நின்ற ஒரு கீரைக்காரி மூலமாக, அம்மா வந்து சேர்ந்தார். வந்த அன்று பங்குனி உத்திரம் என்பது பாட்டியின் கணக்கு. அதனால் நட்சத்திரம் உத்திரம். தாத்தா பிறப்பைப் பதியப் போனபோது வீட்டுக்கு வந்த தேதியையே பிறந்த தேதியாகச் சொல்லிவிட்டார். ஏப்ரல் 2. பெற்றவர்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தாத்தா, பாட்டி பெயர். அவ்வளவுதான், வேலை முடிந்தது.

நாவல் வழுக்கி விழும் முதல் இடம் இந்தக் காகித விவகாரம். கதாநாயகி கானிங் ரைஸிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகிறாள். ஒரே மத்தியானத்தில் அம்மாவின் தத்தெடுப்புக் கோப்பு கையில் கிடைக்கிறது, பெற்ற தாயின் பெயர், கைநாட்டு, முகவரியோடு. 1939லேயே இங்கே தத்தெடுப்புக்குச் சட்டம் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் கீரைக்காரி வழியாக வந்த பிள்ளைக்கு யார் நீதிமன்றம் போனார்கள்? கோப்பே இல்லாததுதான் அந்தக் கதைகளின் குணம். எழுதியவர் கோப்பு கிடைக்காத மகளைப் பற்றி எழுதியிருந்தால் நான் இரவெல்லாம் உட்கார்ந்து படித்திருப்பேன். நானும் அந்தக் காப்பகத்துக்குப் போயிருக்கிறேன். 1979ல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தின் பதிவுகளைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாம். முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் நேவல் பேஸின் காலைச் சங்கைப் பற்றிப் பேசுவதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மாவைப் பற்றி ஒரு வரி அங்கே இல்லை. இருக்கவும் இருக்காது.

இரண்டாவது, பெற்ற தாய் குழந்தையைக் கொடுக்கும் காட்சி. 1950ல் ஒரு வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் நடைபாதையில் நடக்கிறது. வீவக பிறந்ததே 1960 பிப்ரவரியில். சரி, இதைத் தட்டச்சுப் பிழை என்று மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது மூன்றாவது. உண்மை தெரிந்ததும் மகள் மாண்டரின் வகுப்பில் சேர்கிறாள். எட்டு மாதத்தில் கற்றுக்கொண்டு, தொண்ணூற்றாறு வயதுப் பெற்ற பாட்டியை ஒரு முதியோர் இல்லத்தில் கண்டுபிடித்து, படுக்கையருகே உட்கார்ந்து மாண்டரினில் பேசுகிறாள். பாட்டியும் பேசுகிறார், நாலரைப் பக்கத்துக்கு, உபவாக்கியங்கள் போட்டு.

அந்தத் தலைமுறைத் தோட்டக்காரக் கிழவி எந்த மாண்டரினைப் பேசுவார்? சோங் பாங் பக்கம் தியோச்சியூ, ஹொக்கியன் என்ற வேறு சீன மொழிகளைப் பேசியவர்கள் அதிகம். மாண்டரின் பேசுங்கள் என்று அரசாங்கம் இயக்கம் தொடங்கியதே 1979ல். அதற்கப்புறம்தான் தொலைக்காட்சியிலிருந்து ஹொக்கியனும் காண்டனீஸும் மெல்ல மெல்லக் காணாமல்போயின. சொந்தப் பேரப்பிள்ளைகளிடமே பேச மொழியில்லாமல் போன சீனப் பாட்டிகள் இந்த ஊரில் எத்தனையோ பேர். எங்கள் ஊரின் பெயரையே பாருங்கள். லிம் நீ சூன் என்ற தியோச்சியூ முதலாளி ரப்பரும் அன்னாசியும் போட்ட இடம் என்பதால் நீ சூன். அவர் மகன் பெயரில் சோங் பாங். புதுநகரம் கட்டியபோது அதே சீன எழுத்துகளை மாண்டரினில் உச்சரித்து ஈசூன் ஆக்கினார்கள். ஓர் ஊர் தன் பெயரையே பழைய நாக்கில் சொல்ல முடியாத இடத்தில், எட்டு மாத மாண்டரினோடு ஒருத்தி போய்க் கிழவியின் மனதைத் திறந்துவிட்டாளாம். வெளியிலிருந்து வந்து எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று சிலர் உடனே கிளம்புவார்கள். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. இங்கேயே பிறந்த நாங்களும் சீனம் என்றால் ஒரே மொழி என்று நினைத்துக்கொண்டுதான் பாதி ஆயுளைக் கழித்தோம்.

இனி அந்தச் சிவப்புத் தாள். நாவலில் தகரப் பெட்டியின் அடியில், பட்டுத் துணியில் சுற்றி, ஒரு சிவப்புத் தாள் கிடைக்கிறது. மகள் அதைச் சைனாடவுனில் உள்ள வயதான எழுத்துக் கலைஞரிடம் எடுத்துப் போகிறாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் படித்து, கண்கலங்கி, "உன் அம்மாவின் பெயருக்கு இலையுதிர்கால நிலா என்று பொருள்" என்கிறார். அத்தியாயம் முடிகிறது.

எங்கள் வீட்டிலும் ஒரு சிவப்புத் தாள் உண்டு. கொங் குவான் பிஸ்கட் டின்னில், பழைய அடையாள அட்டைகள், தாத்தாவின் வேலைச் சான்றிதழ், ஒரு உடைந்த தோடு, இரண்டு ரப்பர் பேண்ட் இவற்றோடு கிடக்கும். இப்போது அதைச் சிவப்பு என்று சொல்வது மரியாதைக்காக. வெளிறி, கழுவிய இறால் நிறத்துக்கு வந்துவிட்டது. எட்டாக மடித்த மடிப்புகளில் இரண்டு கிழிந்து, உள்பக்கம் பாட்டி ஒட்டிய சோற்றுப்பசையின் தடம் பழுப்பாக இருக்கும். தூரிகையால் எழுதிய ஒற்றை வரிசை எழுத்துகள். ஓரத்தில் மஞ்சள் கறை. அது சாம்பார் கறை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தத் தாளை நாங்கள் யாரிடமும் காட்டாமல் வருடக்கணக்கில் வைத்திருந்தோம். ரகசியம் காக்க இல்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான். நான்கைந்து வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை புளோக்குக்குக் கீழே, கல் மேசையில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சீனப் பள்ளியில் படித்தவர். நான் போய்க் காட்டினேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தாளைத் தொடாமலே குனிந்து படித்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆண்டு, இரண்டாம் மாதம், ஒன்பதாம் நாள், சேவல் வேளை. சேவல் வேளை என்றால் மாலை ஐந்திலிருந்து ஏழு. பெண். "வேற ஒண்ணும் இல்லையா? பேரு?" என்று கேட்டேன். பெயர் இல்லை என்று தலையாட்டினார். அப்புறம் ஆண்டை மறுபடி விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "ஓ, டைகர் லா" என்றார். சொன்னதும் எனக்காகச் சங்கடப்பட்டு, கொஞ்சம் கீரையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

சீன நாள்காட்டியைப் பார்த்துக் கணக்குப் போட்டால் 1950 மார்ச் 26. மேலே போய் அம்மாவிடம் சொன்னேன், உன் பிறந்தநாள் ஏப்ரல் இல்லையாம், மார்ச்சாம் என்று. அம்மா யோசித்துவிட்டு, "அப்போ ஒரு வாரம் முன்னாடியே பெரிய பஸ் பாஸ் கெடச்சிருக்கும்" என்றார். மூத்தோர் சலுகை அட்டையைச் சொல்கிறார்.

எனக்கு நாவலோடு இருக்கும் உண்மையான சண்டை பிழைகளைப் பற்றியது அல்ல. பிழைகளை அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம். அம்மாவின் கடந்தகாலம் என்பது பூட்டிய பெட்டி, மகள் சாவியைத் தேடுகிறாள் என்ற ஏற்பாடே எனக்கு உறுத்துகிறது. முந்நூற்றுச் சொச்சம் பக்கத்தில் அந்த அம்மா உயிரோடு நடமாடுவது மொத்தம் பன்னிரண்டு பக்கம். அதிலும் ஜன்னலோரம் நின்று எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். மீதி இடமெல்லாம் அவர் விட்டுச்சென்ற கடிதங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் என்று ஆசிரியரே சொல்கிறார். அந்தக் கடிதங்களோ மகளின் அதே நடையில், அதே பெருமூச்சுகளோடு இருக்கின்றன. என் அம்மா எனக்கு எழுதியவை எல்லாம் நாள்காட்டித் தாளின் பின்பக்கம்தான். 'கறி கீழ்த்தட்டில். சோறு வை. கேஸ் மூடு.' இந்த மூன்று வாக்கியத்தில் என் அம்மா இருக்கிற அளவுக்கு அந்தப் பதினொரு கடிதங்களில் அந்த அம்மா இல்லை.

எங்கள் மாதிரி வீடுகளில் யாரும் எதையும் ஒளிக்கவில்லை. விஷயம் கூடத்திலேயே கிடந்தது, அதைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் நடந்தார்கள். யாரும் கேட்கவில்லை. மகளும்தான் கேட்கவில்லை. கேட்காததற்கு நாற்பது வருடம் என்ன காரணம் வைத்திருந்தாள் என்பது ஒரு நாவலுக்குப் போதுமான விஷயம். எனக்கே அது தெரியாது. பள்ளியில் முதல் நாள் என்னைச் சீன வகுப்பு வரிசையில் நிறுத்தினார்கள். நான் அழுதேன். ஆசிரியை பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தமிழ் வரிசைக்கு மாற்றினார். எங்கள் ஊரில் தாய்மொழி என்று பாடத்துக்குப் பெயர், ஆனால் அப்போது அதை முடிவுசெய்தது அப்பாவின் இனம். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கோபித்துக்கொண்டேன், ஏதோ அவர் வேண்டுமென்றே செய்த மாதிரி. அதற்குமேல் நான் எதுவும் கேட்டதாக நினைவில்லை.

நாவலில் எல்லோரும் நல்லவர்கள் என்பதும் ஒரு தொந்தரவு. வளர்த்தவர்கள் தங்கம், மாமியார் தங்கம். எங்கள் வரிசை வீடுகளில் இன்னொரு சீனப் பிள்ளை இருந்தார் என்று அம்மா சொல்வார். அந்த வீட்டில் அவருக்குப் பிள்ளை என்று பெயர், வேலை எல்லாம் சம்பளமில்லாத வேலைக்காரிக்கு. பள்ளிக்கு அனுப்பவில்லை. என் அம்மாவுக்கு வரன் சுலபமாக அமைந்ததற்குக் காரணமும் குணம் அல்ல. "பொண்ணு நல்ல செவப்பு" என்று அப்பா வழிப் பாட்டி எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருக்கிறார். அதே வாய், சண்டை வந்தால், வேறொரு வார்த்தையும் சொல்லும். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

கலவரத்தை நாவல் தொட்டுவிட்டு விட்டதும் எனக்கு ஆறவில்லை. 1950 டிசம்பர் 11. மரியா ஹெர்தோ என்ற பதின்மூன்று வயது டச்சுப் பெண்ணை ஒரு மலாய் அம்மா வளர்த்தார். நத்ரா என்று பெயர் வைத்து, மகளாகவே. பெற்றவர்கள் வழக்குப் போட்டு, நீதிமன்றம் பெற்றவர்களுக்கே என்று தீர்ப்புச் சொல்லி, ஊர் பற்றி எரிந்தது. 18 பேர் செத்தார்கள், 173 பேருக்குக் காயம். நாவலில் இது ஊரடங்கு, புகை, ஓடும் கால்கள் என்று இரண்டு பக்கம் வந்து போகிறது. கதைக்கும் அதற்கும் ஒட்டுதல் இல்லை. ஆனால் அந்த மாதம் சீனப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒவ்வொரு தமிழ் அம்மாவும் அந்தச் செய்தியை எப்படிக் கேட்டிருப்பார்?

என் பாட்டி எப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது. தாத்தா செய்தித்தாளைப் படித்துச் சொன்னதிலிருந்து பாட்டி பிள்ளையைச் சோங் பாங் சந்தைப் பக்கமே தூக்கிப்போகவில்லை. பெற்றவள் பார்த்துவிட்டால்? மனம் மாறிவிட்டால்? வளர்த்தவளுக்குக் கோர்ட்டில் மதிப்பில்லை என்று பேப்பரிலேயே வந்துவிட்டதே. அந்தச் சமயத்தில் எடுத்த ஒரு ஸ்டூடியோ படம் இருக்கிறது. நாற்காலியில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. கண்ணைச் சுற்றி மை, அழகுக்காக வைக்கிற அளவு இல்லை. மேல் இமைக்கு மேலே அரை விரல் அகலத்துக்கு அப்பி, ஓரத்தை வெளியே இழுத்து, சின்னக் கண்ணைப் பெரிய கண்ணாக வரைந்திருக்கிறார். நெற்றியிலும் கன்னத்திலும் கறுப்புப் பொட்டு. தலையை மொட்டையடித்துச் சந்தனம் வேறு. காதில் கனத்த தோடு, பிஸ்கட் டின்னில் உடைந்து கிடக்கும் அதே தோடு. பிள்ளை கேமராவை முறைத்துக்கொண்டிருக்கிறது. கண்ணேறுக்காக வைத்த மை என்றுதான் பாட்டி சொல்வார்.

நாவலின் மகள் உண்மையைத் தேடித் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போவாள், திண்ணைக் கிழவர்கள் அவளை அணைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் நடந்தது தலைகீழ். வெள்ளைக்காரன் தளத்தைக் காலி செய்யப்போவதாக 1968ல் அறிவித்து, 1971ல் கிளம்பிப் போனான். கூட வேலை செய்த எத்தனையோ பேர் கையில் கிடைத்த பணத்தோடு ஊருக்குக் கப்பலேறினார்கள். தாத்தாவுக்கும் போக ஆசை. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் நிலம்கூடப் பேசிவைத்திருந்தார். பாட்டிதான் முடியாது என்று நின்றார். "அங்க போனா இவளத் தெருவுல நிறுத்திக் காட்சி பாப்பானுங்க" என்றாராம். நாங்கள் சிங்கப்பூர்க் குடும்பமாக நின்றுபோனதற்குக் காரணம் அம்மாவின் முகம். இதைப் பாட்டியும் தாத்தாவும் அம்மாவுக்கு எதிரிலேயே வாக்குவாதம் செய்திருக்கிறார்கள். இருபத்தோரு வயதுப் பெண் சமையலறையில் நின்றுகொண்டு அதைக் கேட்டிருக்கிறார். இதில் எங்கே இருக்கிறது பூட்டிய பெட்டி?

நியாயமாகச் சொன்னால், நாவலில் ஆறு பக்கம் அபாரம். வளர்த்த பாட்டி சிறுமிக்குத் தலைவாரும் இடம். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னினாலும் அந்த முடி பின்னலில் நிற்காது, நழுவி அவிழும். மல்லிகைச் சரம் வழுக்கி வழுக்கி முதுகில் விழும். பாட்டி சலித்துக்கொண்டே நூல் கட்டி, கொண்டை ஊசி குத்தி, கடைசியில் தன் சொந்தச் சவுரியைப் பிள்ளையின் தலையில் வைத்துப் பின்னிவிடுவார். இதை எங்கிருந்தோ கேட்டுத்தான் எழுதியிருக்கிறார், கற்பனையில் வராது. என் அம்மா இன்றும் பூவை ஹேர்பின் போட்டுத்தான் வைப்பார், நாலு பின். இந்த ஆறு பக்கத்தை எழுதிய கைதான் மீதியையும் எழுதியதா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

போன வருடம் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. பகல்நேரப் பிரிவில் பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனக் கிழவி, தொண்ணூறு இருக்கும். இளம் தாதி மாண்டரினில் என்னென்னவோ கேட்கிறார், கிழவி வேறெதையோ சொல்கிறார். நேரம் ஆக ஆகக் கிழவிக்குக் குரல் உயர்ந்தது. ஒற்றைக் கண்ணில் கட்டோடு படுத்திருந்த அம்மா அந்தப் பக்கம் திரும்பாமலே ஏதோ சொன்னார். இரண்டு வாக்கியம் இருக்கும். கிழவி சட்டென்று அடங்கி, பதில் சொன்னார். அம்மா தாதியிடம் ஆங்கிலத்தில், "சுடுதண்ணி கேக்குறாங்க, ஐஸ் தண்ணி வேணாமாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். ஐம்பது வருடத்தில் அம்மா தியோச்சியூ பேசி நான் கேட்டதில்லை.

"எங்கம்மா கத்துக்கிட்டே?"

"சோங் பாங்ல யாருக்குத்தான் தெரியாது? உங்க தாத்தாவே பேசுவாரு."

அது உண்மையாகவே இருக்கலாம். தாத்தா பேசுவார்தான். நாவலாசிரியர் கையில் இது கிடைத்திருந்தால் ஒரு அத்தியாயம், ஒரு பெட்டி, ஒரு கண்ணீர் கிடைத்திருக்கும். நான் டாக்ஸிக்குச் சொல்லிவிட்டு அம்மாவின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுக்கும் முன் அம்மாவிடம் கொடுத்தேன். புரை எடுத்ததிலிருந்து அவருக்குப் படிக்கும் வேகம் கூடிவிட்டது, தமிழ் முரசை விளம்பரம் விடாமல் படிக்கிறார். மூன்று நாளில் பாதி வந்துவிட்டார். கதை எப்படி என்றேன். "இந்தப் பொண்ணு சமைக்கவே மாட்டாளா? எப்பப் பாத்தாலும் காப்பிக்கடையிலேயே உக்காந்திருக்கா" என்றார். நேற்று சாயங்காலம் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது கூடத்திலிருந்து கூப்பிட்டார். குழந்தையைக் கொடுக்கும் காட்சிக்கு வந்திருந்தார்.

"காசு வாங்கிக்கிட்டுக் குடுத்தாங்கன்னு போட்டிருக்கு."

"ம்."

"எங்க கதையில காசு இல்ல. செவப்பு உறையில காசு வச்சு அங்பாவ் குடுத்தப்போ அந்தம்மா வேணாம்னுட்டாங்களாம். பால் டின் கேட்டாங்களாம். ஆறு டின்."

நான் கத்தியை வைத்துவிட்டு வந்தேன். பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் பால் எதற்கு என்று கேட்டேன்.

"வீட்டுல இன்னொண்ணு இருந்துச்சாம்."

"இன்னொரு பிள்ளையா? அண்ணனா, அக்காவா? பெரிசா? இல்ல உன்கூடவே பொறந்ததா?"

"பாட்டி கேக்கல" என்று சொல்லிவிட்டு, அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "வெங்காயம் கருகுது பாரு."

அடுப்பு இன்னும் பற்றவைக்கவே இல்லை.